நலமுள்ளோர் பட்டியல்

கேன்டீன் கல்லாவில் உட்காரும் சன்னபசப்பாவை
நான்தான் சேர்த்துவிட்டேன்.
ஆய்வுக்கு நோயில்லாத ஆட்கள் போதவில்லை.
அறுபதைத் தாண்டியிருக்க வேண்டும்,
நினைவில் தடுமாற்றம் இருக்கக் கூடாது.
இரண்டு இட்லி ஒரு வடை ஒரு பை-டூ காபி என்று
நாலு பேர் நாலு மொழியில் கத்தினாலும்
கால்குலேட்டரைத் தொடாத மனிதர்.
ஆயிரத்து ஐநூறு ரூபாய் தருவார்கள் என்றதும்
"சும்மா படுத்துக் கிடக்கறதுக்கா?" என்று
படிவத்தை வாங்கிக்கொண்டார்.

முடிவைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா?
பதினான்காம் கேள்வி.
வேண்டாம் என்ற கட்டத்தில் அவர் போட்ட டிக்
தாளைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது.

கழுத்தில் வெள்ளிச் சிமிழ், உள்ளே லிங்கம்.
காந்த அறைக்குள் எதுவும் வரக் கூடாது என்றேன்.
குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லையாம்.
கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு என் உள்ளங்கையில் வைத்து
விரல்களை அவரே மூடிவிட்டார்.
"கீழே வைக்காதீங்க மேடம்."
நாற்பத்தோரு நிமிடம்
ஒற்றைக் கையால் விசைப்பலகையைத் தட்டினேன்.
உள்ளே தடதடவென்று இடி.
வெளியே ஹொசூர் ரோட்டில் மழை,
ஆம்புலன்ஸுக்கும் வழிவிடாத மழை.

காதுக்கு உட்புறம், இருபக்கமும்
சுருண்டு கிடக்கிறது ஒரு கடற்குதிரை.
பெயர்தான் அப்படி,
இந்த ஊரில் ஏது கடல்.
அரிசிமணி அளவு அது இளைத்தாலும்
இயந்திரத்துக்குத் தெரிந்துவிடும்.
பதினோராயிரம் தலைகளைப் பார்த்துப் படித்தது,
பெரும்பாலும் அயல்நாட்டுத் தலைகள்.
அதனால்தான் அதற்கு நம் ஆட்கள் தேவைப்பட்டார்கள்,
நலமாக இருப்பது எப்படி இருக்கும் என்று காட்டுவதற்கு.

மூன்று வாரம் கழித்து பட்டியல் வந்தது.
பெயர் இல்லை. வயது இல்லை.
முகத்தைக்கூட மென்பொருள் வழித்து எடுத்திருந்தது.
நலமுள்ளோர் வரிசையில் ஒரே ஒரு மஞ்சள் கட்டம்:
0.71.
படத்தைத் திறந்தேன்.
கீழ்ப்பக்கம், வலது கடைவாயில்
தங்கப்பல் ஒன்று கறுப்புச் சூரியன்போல்
சுற்றியுள்ள எல்லாவற்றையும் வளைத்துக்கொண்டிருந்தது.
முகத்தை அழித்தவர்கள் பல்லை மறந்துவிட்டார்கள்.
நூறு கேட்டால் மீதியோடு சேர்த்து
அவர் சிரித்துத் தரும் பல்.

"ஐந்தில் ஒன்று தப்பாகச் சொல்லும்" என்றார்
டாக்டர் வினயா ஹெக்டே.
"இது சிகிச்சை இல்லை, ஆராய்ச்சி.
தவிர, அவர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்."
மூன்றும் சரிதான்.
மூன்றையும் தூக்கிக்கொண்டு சாப்பிடப் போனேன்.

அன்றிலிருந்து சில்லறையை எண்ணுகிறேன்.
இருநூறு கொடுத்தால் நூற்றாறு வர வேண்டும்.
வந்தது.
மறுநாளும் வந்தது.
வேண்டுமென்றே குழப்பமாகக் கேட்டேன்:
ஒரு தோசை, வேண்டாம், இட்லி, சாம்பார் தனியாக,
அந்த வடையைப் பார்சல்.
"எண்பத்தெட்டு" என்றார், நிமிராமலே.
எனக்கு வெட்கமாக இருந்தது.
நான் என்ன, பாதி காசுக்கு வாங்கிய
இன்னொரு மெஷினா.

வெள்ளிக்கிழமை பத்து ரூபாய் கூடுதலாகத் தந்தார்.
கைகழுவும் இடத்தில் நின்று மூன்று முறை எண்ணினேன்.
திருப்பிக் கொடுத்தால் அவருக்குத் தெரிந்துவிடும்
நான் எண்ணுகிறேன் என்று.
அந்த நோட்டு இன்னும் என் அடையாள அட்டைக்குப் பின்னால்.

"உங்க மெஷின் என் தலைக்குள்ள என்ன பார்த்துச்சு?"
ஒருநாள் கேட்டார், டோக்கன் கிழித்தபடி.
எனக்குப் பின்னால் வரிசை தள்ளிக்கொண்டிருந்தது.
"சத்தம் போடத்தான் தெரியும் சார் அதுக்கு."
நன்றாகச் சிரித்தார். தங்கம் தெரிந்தது.

பதினெட்டு மாதம் கழித்து இரண்டாவது ஸ்கேன்.
தேதியைச் சொன்னேன்.
பால்பாயிண்ட் பேனாவை எடுத்து
இடது உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.
அங்கே ஏற்கனவே
ஏதோ இரண்டு வரி கன்னடத்தில் இருந்தது.
எப்போதும் இப்படித்தான் எழுதிக்கொள்வாரா?
இத்தனை வருஷம் அந்தக் கையிலிருந்து
சில்லறை வாங்கியிருக்கிறேன்.
கையைப் பார்த்ததில்லை.